வாயைத் திறந்தால்தான் பந்து

புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் மேடம் என்று பழைய ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு பெங்களூர் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். அத்திப்பள்ளி நெரிசலிலேயே பாதி ஆயுசு போய்விட்டது, மீதியாவது ஓசூரில் கழியட்டும் என்றுதான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? போனேன்.

நல்ல மெஷின்தான். கண்ணாடி ஸ்லைடுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் படம் பிடித்து, சந்தேகமான செல்களைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டுகிறது. டீ கேட்காது, லீவு கேட்காது, பக்கத்து சீட்டுக்காரியிடம் மாமியார் கதை பேசாது. நான் பயிற்சி கொடுத்த கீர்த்தனாதான் இப்போது அங்கே தலைமை. அவளிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, "உங்க காலத்துல எப்படிப் பாத்தீங்க மேடம்?" என்று கேட்டார்கள். என்னவோ என்னை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தமாதிரி! "என் காலம் இன்னும் முடியலடி, நேத்துகூட வாலிபால் கிரவுண்டுல ரெண்டு பேரைத் திட்டிட்டுத்தான் வந்தேன்" என்றேன். சிரித்தார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. அன்று பாதியில் நின்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓசூர் பக்கத்து மத்திகிரிக்காரி. பிலோமினா என்று பெயர். விலங்கியல் படித்தேன், கல்லூரி வாலிபால் அணியில் செட்டராக ஆடினேன், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன், பெங்களூரில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் சேர்ந்தேன். இதைச் சொல்ல ஒரு வரி போதும். வாழும்போது அது பெரும்பாடாக இருந்தது, சொல்லும்போது ஒன்றுமே இல்லை. உண்மையில் நான் படித்ததெல்லாம் டாக்டர் ருத்ரப்பாவிடம்தான்.

ருத்ரப்பா சார் தும்கூர் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து எங்களிடம் பேசுவார். குரல் உயர்த்தியதே கிடையாது. குரல் உயர்த்துகிறவரை எதிர்த்துப் பேசலாம், இந்த மனுஷரை என்ன செய்வது? வாய்ப்புற்று எங்கள் ஆய்வு. புகையிலை போடுகிறவர்களின் கன்னத்து உட்புறத்தைச் சின்ன பிரஷால் சுரண்டி, அதைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, செல்களைப் பார்ப்பது. கேட்க எளிதுதான். ஆனால் கண்ணாடியில் தேய்த்த அடுத்த கணமே ஆல்கஹால் ஜாடிக்குள் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் காற்றுப் பட்டுக் காய்ந்துவிட்டாலும் செல்லின் கரு ஊதிப் பெரிதாகிவிடும். பெரிய கருதான் எங்களுக்கு அபாயக் குறி. ஆக, நம் சோம்பேறித்தனத்தால் ஒரு நல்ல மனுஷனுக்குப் புற்றுநோய் வந்துவிடும், காகிதத்தில். தளியில் முகாம் போட்டபோது அந்தக் குளிர்காற்றை நம்பாமல், பிரஷை எடுத்த கையோடு ஜாடிமேல் கவிழ்ந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு தேய்ப்பேன். பார்க்கிறவர்கள் நான் ஏதோ மந்திரம் போடுவதாக நினைத்தார்கள்.

அடுத்தது மைக்ராஸ்கோப்பில் வாசிப்பது. யாருடைய ஸ்லைடு என்று வாசிப்பவருக்குத் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். ஒருவர் வாசித்ததை இன்னொருவர் பார்க்காமல் தனியாக வாசிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது ஆள், அநேகமாக சார்தான். நான் முதல் தடவை பெரிய கெட்டிக்காரியாக "புற்று" என்று எழுதிக்கொண்டு போனபோது, அவர் தாளைப் பார்க்கவே இல்லை. ஸ்லைடை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்து, "இன்னொந்து சல நோடம்மா" என்றார். இன்னொரு தடவை பாரம்மா. பார்த்தேன், அதையேதான் எழுதினேன். மறுபடியும் அதே சொல். கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், எத்தனை தடவை பாத்தாலும் அது மாறப் போறதில்ல" என்றேன். "அது மாறாது. நீ மாறுவே. அதுக்குத்தான்" என்றார். கோபத்தில் அன்று பஸ்ஸில் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிற்பாடு நானும் என்னிடம் பயின்ற பிள்ளைகளிடம் அதே வாக்கியத்தைச் சொல்லி அதே திட்டை வாங்கிக்கொண்டேன்.

சனி, ஞாயிறு நான் வேறு ஆள். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலி மைதானத்தில் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். ஆடுவார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பந்தை அடிப்பார்கள், அவ்வளவுதான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை அரித்தது. உள்ளே போய் விரலை எப்படி விரிக்க வேண்டும் என்று காட்டினேன். "பொம்பள கோச்சாடா?" என்று ஒருவன் முணுமுணுத்தான். அவன் தலைக்கு மேல் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுக் காட்டிய பிறகு முணுமுணுப்பு நின்றது. அப்படியே வருஷக்கணக்கில் நானே கோச் ஆகிவிட்டேன்.

பையன்கள் பாதிப் பேர் கன்னத்தில் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு வருவார்கள். ஷிஃப்டுக்குப் போகும் அண்ணன்மார்களைப் பார்த்துப் பழகியது. வாரம் முழுக்க நான் ஆய்வகத்தில் எதைப் பார்க்கிறேனோ அதற்கு இங்கே விதை போடுகிறார்கள். வந்ததே ஆத்திரம்! அன்றிலிருந்து என் மைதானத்தில் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பது கிடையாது. வரிசையாக நிற்க வேண்டும். நான் டார்ச் அடிப்பேன். "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. எடது கன்னம். வலது கன்னம். சரி, போ." வாயைத் திறந்தால்தான் பந்து. பொட்டலம் இருந்தால் அன்று முழுக்கப் பந்து பொறுக்கும் வேலை. பக்கத்து டீக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், சந்தையில மாடு வாங்கறாப்ல பல்லு புடிச்சுப் பாக்கறீங்க?" என்று கேட்டார். "மாட்டுக்கு இருக்கற புத்தி இதுங்களுக்கு இருந்தா நான் ஏங்க பாக்கறேன்?" என்றேன்.

முனிராஜ் இந்த வரிசையில் நின்றவன்தான். பேரிகை சாலையில் ஒரு கிராமம், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் போலவே செட்டர். செட்டர் அடித்துப் பேர் வாங்குகிறவன் இல்லை, அடிக்கிறவனுக்குப் பந்தைத் தோதாகத் தூக்கிக் கொடுக்கிறவன். அவன் விரலில் பந்து சத்தமே போடாது. அப்படி ஒரு கை எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வரப் போகிறது, இவன் கட்டாயம் போய்விடுவான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். விடுதியில் சேர்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு, ஆட்டம் எல்லாம் அங்கேயே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் அவன் வலையைச் சுருட்டியபடி நின்றான்.

"என்னடா?"

"மேடம், வூட்ல சும்மா வெளையாட்டுக்கு எங்கம்மாவ ஆ காட்டச் சொன்னேன். செல்போன் லைட்டுல பாத்தேன். எடது கன்னத்துல வெள்ளையா ஒண்ணு இருக்குது மேடம். தொட்டா தடிப்பா இருக்குது."

"புகையிலை போடுவாங்களா?"

"இல்ல மேடம். காலைல பொடி வெச்சுத் தேய்க்கும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! புகையிலைப் பொடியை விரலில் தொட்டு ஈறில் தேய்ப்பது இந்தப் பக்கத்துப் பெண்களில் பலருக்குப் பல்விளக்குவது மாதிரி. தேய்த்துவிட்டுக் கன்னத்தில் கொஞ்சம் அடக்கிக்கொள்வார்கள். அதைப் புகையிலையில் சேர்க்கவே மாட்டார்கள். ஆண்கள் கடைவாசலில் நின்று துப்புவது ஊருக்குத் தெரியும், பெண்கள் அடுப்படியில் தேய்ப்பது யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரமே போனேன். முனியம்மா பேரிகை சாலையில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு ரோஜாப் பாலிஹவுஸில் பூ வெட்டும் வேலை பார்த்தார். கணவர் லாரி ஓட்டப் போனவர், வந்தாலும் வருவார். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், என்னிடம் தமிழ். ஒல்லியான உடம்பு, ஓங்கிய குரல். நான் டாக்டர் என்று மகன் சொல்லியிருந்தான். "நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா, ஆராய்ச்சி" என்றேன். "ஊசி போடத் தெரியாதா? அப்புறம் இன்னாத்துக்கு டாக்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், என் மாமியாரும் சாகும்வரை அதையேதான் கேட்டார். பிரஷால் சுரண்ட மட்டும் ஒத்துக்கொண்டார். ஜாடியில் இறக்கிக் கொண்டுபோய், எண் போட்டு, மற்ற ஸ்லைடுகளோடு சேர்த்துவிட்டேன்.

முதலில் வாசித்தவர் பயமில்லை என்று எழுதினார். இரண்டாமவர் சந்தேகம் என்று எழுதினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சார் அறைக்குப் போய், "அந்த ஸ்லைடை நான் பாக்கறேன் சார்" என்றேன்.

"யாருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். என் டீம் பையனோட அம்மா."

"அப்போ பேடா. வேணாம்மா."

"சார், பத்து பேர் பாக்கறதை நான் ஒருத்தி பாத்துடுவேன், உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஆனா ஒண்ணுமில்லாம இருக்கணும்னு நீ வேண்டிக்கிட்டே பாப்பே. கோச் ரெஃப்ரீ ஆகக் கூடாதும்மா."

எனக்கு முகத்தில் அடித்தமாதிரி ஆகிவிட்டது. அவர் என் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். ஓரத்திலிருந்து வரி வரியாக, வயலில் நாற்றுப் பிடுங்குவது போல ஒன்றையும் விடாமல். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஸ்லைடைத் தலைமாற்றி வைத்து, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இன்னொரு தடவை பார் என்பதை அவர் எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, தனக்கும்தான் சொல்லிக்கொண்டார் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு சொன்னார்: "இதுல இருக்கறது எல்லாம் மேல்தோல். தடிச்ச வெள்ளைப் படலம்மா, பிரஷ் அடிவரைக்கும் போகல. இதை வெச்சு இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. சதைத் துணுக்கு எடுக்கணும். சீக்கிரம் எடுக்கணும்."

மறுபடியும் பாலிஹவுஸுக்குப் போய் நான் சதைத் துணுக்கு என்றதும் முனியம்மா கையிலிருந்த பூங்கட்டைக் கீழே வைத்துவிட்டார். "கத்தி பட்டா பரவிடும். எங்க சின்ன மாமனாருக்கு இப்டித்தான் அறுத்தாங்க. அடுத்த பொங்கல் பாக்கல மனுசன்."

"அறுத்ததால போகலம்மா. லேட்டா அறுத்ததால போனாரு."

"நீங்க படிச்சவங்க, பேசுவீங்க." பிறகுதான் உள்ளே இருந்தது வந்தது. "எனக்கு அந்த நோவுன்னு தெரிஞ்சா என் பையன் பந்தத் தூக்கிப் போட்டுட்டு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிடுவான். அவனத் தெரியும் எனக்கு. அந்தக் கிருஷ்ணகிரி செலெக்சன் முடியட்டும். அப்புறம் நீங்க இன்னா வேணா வெட்டிக்கங்க."

தேர்வுக்கு இன்னும் பல வாரம் கிடந்தது. அதுவரை விட்டால் அந்த வெள்ளை எங்கே போய் நிற்குமோ! அப்போதுதான் எனக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு வலி வந்தது. கடைவாய்ப் பல் சொத்தை. மாதக்கணக்கில் கிராம்பை வைத்தே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். முனியம்மா கூர்ந்து பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் வாயத் தெறன்னு சொல்றீங்களே, உங்க வாய யாரு பாக்கறது? எங்க, ஆ காட்டுங்க."

விளையாட்டில்லை, நிஜமாகவே என் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். பூ கட்டும் பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"அய்யய்யோ, ரெண்டு பல்லு கருகிப் போயிருக்குது! ஏன் புடுங்கல?"

"பயம்" என்றேன். வேறென்ன சொல்வது? சதைத் துணுக்குகளுக்கு நடுவில் வாழ்கிறவள், பல் டாக்டர் நாற்காலியைக் கண்டால் ஓடி வந்துவிடுவேன். என் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அன்று ஒரு பாலிஹவுஸுக்கே தெரிந்துபோனது. முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்குத்தான் உபதேசமா டாக்டரம்மா?"

"சரி முனியம்மா. நான் பல்லைப் பிடுங்கிக்கறேன். நீ துணுக்கு எடுத்துக்கோ. ஒரே நாள். நான் முதல்ல உக்காருறேன், நீ பக்கத்துல நின்னு பாரு."

சிரிப்பு நின்றது. பூங்கட்டை எடுத்து முள்ளைக் கிள்ளினார், மறுபடியும் கீழே வைத்தார். "என் பையன் செலெக்சனுக்குப் போவணும். இன்னா ஆனாலும் போவணும். அதுக்கு நீங்க பொறுப்பு. சரின்னா வரேன்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரே பஸ்ஸில், எங்கள் ஆய்வகத்தை ஒட்டியிருந்த பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து அலறிய அலறலில் தன் பயமே மறந்துவிட்டது என்று முனியம்மா பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் வாயைத் திறந்தபோது ஒரு சத்தம் வரவில்லை. முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் ஆரம்பம். இன்னும் ஆழமாகப் போகவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும் ஒரே காகிதத்தில். அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். தேதியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரித் தேர்வும் அதே நாள். அறுவையைத் தள்ளிப்போட நான் கேட்கவில்லை, தேர்வைத் தள்ளிப்போட நான் யார்?

அன்று காலை ஓசூர் பஸ் நிலையத்தில் நானும் முனிராஜும் நின்றோம். முனியம்மாவை முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், அவர் தங்கை கூட இருந்தாள். எனக்குப் பெங்களூர் பஸ், அவனுக்குக் கிருஷ்ணகிரி பஸ். அவனோடு போகும் பையன்கள் அதில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன், பையோடு பக்கத்தில் வந்து உட்காருகிறான்.

"எறங்குடா."

"மாட்டேன் மேடம். அங்க எங்கம்மாவ அறுத்துட்டு இருப்பாங்க, நான் இங்க பந்து தூக்கிட்டு இருக்கணுமா?"

"ஆமா. தூக்கணும்."

"உங்களுக்கு டீம்தான் முக்கியம்."

அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. உண்மையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன். கண்டக்டர் விசில் அடிக்கிறார்.

"உங்கம்மா எதுக்குடா வாயைத் தெறந்தாங்க? சாவுக்குப் பயந்தா? நீ ஆடணும்னுதான் தெறந்தாங்க. நீ போகலன்னா அந்தம்மா கண்ணு முழிச்சு என்னைக் கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்றது? அங்க நீ உக்கார வேண்டிய எடத்துல நான் உக்காந்திருக்கேன். போ."

அழுதுகொண்டே போனான். போகிறானா என்று பார்க்க நின்றதில் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே பெங்களூர் போனேன்.

அறுவை அரங்கு வாசலில் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது. அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில் வாழ்நாள் முழுக்க இருந்திருக்கிறேன். எங்களுக்கு வருவது எண் போட்ட துணுக்கு, அதோடு ஒரு ஆள் வருவதில்லை. முனியம்மாவின் தங்கை ஜபமாலைபோலத் தாலிக்கயிற்றை உருட்டிக்கொண்டு தெலுங்கில் ஏதோ வேண்டினாள். நான் என் ஜபமாலையை உருட்டினேன். மத்தியானம் சர்ஜன் வெளியே வந்து, ஓரங்களில் நோய் இல்லை, முழுசாக எடுத்தாகிவிட்டது என்றார்.

சாயங்காலம் கிருஷ்ணகிரியிலிருந்து போன். முனிராஜ்தான். "ஆடினேன் மேடம். எடுக்கல. ரெண்டு பந்து கைய விட்டுப் போச்சு." எப்படிப் போகாமல் இருக்கும்? அம்மா நன்றாக இருக்கிறார் என்றேன். அந்தப் பக்கம் வெறும் விம்மல்தான் கேட்டது.

முனியம்மாவைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். கன்னம், தாடை எல்லாம் கட்டு. மூக்கில் குழாய். பேச முடியாது, பல நாளைக்குப் பேசக் கூடாது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு ஊசிக் குழாய் ஏறிய கையையும் மற்றக் கையையும் மெதுவாக நெற்றிக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்தார். செட்டர் பந்தைத் தூக்குகிற அதே கை. நர்ஸ் பயந்துபோய், "என்ன வேணும்மா, வலிக்குதா?" என்று ஓடிவந்தாள்.

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. "ஆடினான் முனியம்மா. போய் ஆடினான்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆனா எடுக்கல."

கைகளை இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு தடவை.

நான் அழுதுவிட்டேன். எத்தனையோ ஸ்லைடு பார்த்தும் அழாதவள், அந்த ஒரு விரலைப் பார்த்து ஓவென்று அழுதேன். நர்ஸ் நோயாளியை விட்டுவிட்டு எனக்குத்தான் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள்.

அடுத்த வருஷத் தேர்வுக்கு முனிராஜைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நானில்லை. அவன் அம்மா.